வெட்டலாம், ஒட்ட வேண்டாம்: பறவைப் படத் திருத்தம் – வாசகர் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரையில் எடுத்த பறவைப் படங்களைத் திருத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மென்பொருள் பெயர் சொல்லாத இடங்களில் லைட்ரூம், டார்க்டேபிள், ஸ்னாப்சீட் என்று உங்களிடம் இருப்பதில் செய்துகொள்ளலாம். வேலை ஒன்றுதான், பொத்தானின் பெயர்தான் மாறும்.

கேள்வி: தனுஷ்கோடி போகும் வழியில் தேங்கிய நீரில் பூநாரைக் கூட்டம். 24 மெகாபிக்சல் கேமரா, 300 மி.மீ. லென்ஸ். பறவைகள் கடுகு மாதிரி விழுந்திருக்கின்றன. எவ்வளவு வரை வெட்டிப் பெரிதாக்கலாம்? ஏ4 அளவில் பிரின்ட் போட ஆசை.
– ராமேஸ்வரம் வாசகர்

பதில்: 24 மெகாபிக்சல் என்றால் பெரும்பாலான கேமராக்களில் அகலம் 6000 பிக்சல், உயரம் 4000. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட 3508 × 2480 பிக்சல் வேண்டும். சுவரில் மாட்டி இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 240 புள்ளியே போதும். ஆகவே அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று வெட்டி 3000 × 2000 பிக்சல் மிஞ்சினாலும் ஏ4 நன்றாகவே வரும். வெட்டிய பிறகு நீளம் 1800 பிக்சல்தான் தேறுகிறது என்றால் 6 × 4 அங்குலப் பிரின்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிக்சல் கணக்கு சரியாக வந்துவிட்டால் மட்டும் போதாது. பாதிக்குப் பாதி வெட்டும்போது, படம் சேர்த்து வைத்த வெளிச்சத்தில் கால் பங்குதான் மிச்சமாகிறது. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 800-ல் எடுத்த படம், அதே அளவு பிரின்ட்டில் ஐ.எஸ்.ஓ. 3200-ல் எடுத்தது போல மணல் மணலாகத் தெரியும். வெட்டும் முன் 100 சதவீதத்தில் வைத்து ஒரு பறவையின் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பூநாரைக்குக் கண் மஞ்சள். அதற்குள் கருமணி தனியாகத் தெரிந்தால் தாராளமாக வெட்டலாம். மஞ்சளும் கறுப்பும் கலங்கி ஒரே பொட்டாக இருந்தால், பெரிதாக்கப் பெரிதாக்கக் கலக்கம்தான் பெரிதாகும்.

ஒரு பறவை தலை முதல் கால் வரை 400 பிக்சல்கூட இல்லையா? தனிப் பறவைப் படம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் கைவைக்காமல், மேலே வானத்தையும் கீழே நீரையும் மட்டும் நறுக்கி 6000 × 2000 என்று பட்டையாக எடுங்கள். 20 அங்குல அகலப் பிரின்ட்டுக்கு 300 புள்ளிக் கணக்கிலேயே அது தாங்கும். கூட்டமாக நிற்கும் பூநாரைக்கு அந்த வடிவம்தான் அழகும்கூட.

படத்தைப் பெரிதாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இல்லாத இறகை அவை ஊகித்து வரைகின்றன. சுவருக்கு அலங்காரமாக மாட்டலாம். அந்தப் படத்தை வைத்துப் பறவையின் இனத்தை அடையாளம் காண முயல வேண்டாம்.

கேள்வி: வெட்டும்போது பறவையை நடுவில் வைப்பதா, ஓரத்தில் வைப்பதா? சட்டத்தை மூன்றாகப் பிரித்து அந்தக் கோட்டில் பறவையை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாமா?
– மண்டபம் வாசகி

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு பின்பற்றுங்கள். பறவை பார்க்கும் பக்கம், அல்லது பறந்துபோகும் பக்கம் இடம் விட வேண்டும் என்பதுதான் அந்த விதியின் சாரம். பாம்பன் பாலத்துக்குக் கீழே பறக்கும் ஆலாவுக்கு அலகின் முன்னால் இரண்டு பங்கு, வாலுக்குப் பின்னால் ஒரு பங்கு விடுங்கள். நம்மை நேராகப் பார்க்கும் பறவையும், அசையாத நீரில் முழுப் பிம்பத்தோடு நிற்கும் பறவையும் நடுவிலேயே இருக்கட்டும்.

பலரும் கோட்டை விடுவது கீழ் ஓரத்தில். நீரில் நிற்கும் நாரைக்கும் பூநாரைக்கும் கால் கொஞ்சம் நீருக்குள் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற கால் முடிந்த இடத்திலேயே வெட்டினால், பறவை சட்டத்தின் விளிம்பில் குந்தியிருப்பது போல ஆகிவிடும். பாதம் நீருக்கடியில் எங்கே இருக்கும் என்று மனத்தில் கணக்குப் போட்டு, அதற்கும் கீழே கொஞ்சம் நீர் விடுங்கள். பிம்பம் இருந்தால் முழுதாக வையுங்கள், அல்லது காலடிக்குச் சற்றுக் கீழே துணிந்து வெட்டிவிடுங்கள். தலை இல்லாத பிம்பம் பார்க்கச் சகிக்காது. கால் மூட்டு, கழுத்து வளைவு, இறக்கை நுனி ஆகிய இடங்களில் கத்தி படக்கூடாது. இறக்கை நுனி ஏற்கெனவே சட்டத்துக்கு வெளியே போய்விட்ட படம் என்றால், இன்னும் உள்ளே வந்து தலையும் கழுத்தும் மட்டும் உள்ள படமாக மாற்றிவிடலாம். வேண்டுமென்றே செய்தது போலத் தெரியும்.

கூட்டத்தில் இடைவெளி பார்த்து வெட்டுங்கள். இடைவெளியே இல்லாத அடர்ந்த கூட்டம் என்றால் நான்கு பக்கமும் பறவைகள் வெட்டுப்படட்டும். கூட்டம் இன்னும் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். மூன்று பக்கம் முழுதாக, ஒரு பக்கம் மட்டும் அரைப் பறவை என்று இருப்பதுதான் உறுத்தும்.

கேள்வி: அரிச்சல்முனையில் எடுத்தது. கடல் ஒரு பக்கம் கொட்டிவிடும் போலச் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தினால் கரை சாய்கிறது. எதை நம்புவது?
– பாம்பன் வாசகர்

பதில்: அடிவானத்தை நம்புங்கள், கரையை நம்பாதீர்கள். அங்கே மணல் திட்டு வளைந்து போகிறது. அதன் ஓர நீர்க்கோடு, மட்டமாக எடுத்த படத்திலும் சாய்வாகத்தான் விழும். அடிவானம் சட்டத்துக்குள் இல்லாவிட்டால் ஒரு வழி உண்டு: அசையாத நீரில் பறவையின் கண்ணையும், பிம்பத்தில் அதே கண்ணையும் இணைத்து மனத்தால் ஒரு கோடு இழுங்கள். அது செங்குத்தாக வரும்வரை படத்தைத் திருப்புங்கள்.

1 டிகிரி சாய்வு என்றால் 6000 பிக்சல் அகலத்தில் ஓரத்துக்கு ஓரம் 105 பிக்சல் ஏற்ற இறக்கம். கடற்கரைப் படத்தில் அது உடனே கண்ணில் படும். திருப்பும்போது மூலைகள் காலியாகும் என்பதால் முதலில் நிமிர்த்தி, பிறகு வெட்டுங்கள். மாற்றிச் செய்தால் அளந்து விட்ட இடம் மறுபடி போய்விடும்.

கேள்வி: பின்னணியை மங்கலாக்கினால் கொக்கைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் விழுகிறது. கத்தரித்து ஒட்டிய மாதிரி இருக்கிறது. கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் முயன்று பார்த்துவிட்டேன்.
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: பின்னணியோடு சேர்ந்து கொக்கும் மங்கலாவதால் வருவது அது. பிளர் என்பது அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து சராசரி எடுக்கும் வேலை. 30 பிக்சல் கொடுத்தால் கொக்கின் வெள்ளை அந்த அளவுக்கு வெளியே கசியும். அதன் மேல் கூர்மையான கொக்கை வைத்ததும், கசிந்த வெள்ளை ஒளிவட்டமாகச் சுற்றி நிற்கும். சாமி படத்துக்குப் பொருந்தும், கொக்குக்குப் பொருந்தாது.

எனவே மங்கலாக்கும் முன் பின்னணி லேயரிலிருந்து (படத்தின் மேல் படமாக வைக்கும் அடுக்கு) பறவையை அகற்ற வேண்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்வதானால், படத்தை 16 பிட்டுக்கு மாற்றி, லேயரை இரண்டு நகல் எடுங்கள். மேல் நகல் பறவைக்கு, நடு நகல் பின்னணிக்கு, அடியில் மூலப்படம் தொடாமல் கிடக்கட்டும். பறவையைத் தேர்வு செய்து, அந்தத் தேர்வைச் சேனலாகச் சேமியுங்கள். நடு லேயருக்குப் போய்த் தேர்வை 12 முதல் 15 பிக்சல் பெரிதாக்கி, அந்த இடம் முழுவதையும் சுற்றியுள்ள நீரையும் மணலையும் கொண்டு குளோன் தூரிகையால் நிரப்புங்கள். எப்படியும் மங்கப் போகிற இடம், நகாசு வேலை தேவையில்லை. பறவை மறைந்ததும் தேர்வை நீக்கிவிட்டு காஸியன் பிளர் கொடுங்கள். 6000 பிக்சல் படத்துக்கு 15 முதல் 25 போதும். பிறகு மேல் லேயருக்கு வந்து, சேமித்த தேர்வை 1 பிக்சல் சுருக்கி, 1 அல்லது 1.5 பிக்சல் ஃபெதர் (விளிம்பை மென்மையாக்குவது) கொடுத்து மாஸ்க்காக (வெள்ளைப் பகுதி தெரியும், கறுப்புப் பகுதி மறையும் மூடி) இடுங்கள். சுருக்குவது எதற்கு என்றால், பறவையின் விளிம்புப் பிக்சலில் பழைய பின்னணியின் நிறம் ஏற்கெனவே கலந்திருக்கும். அதை விட்டுவைத்தால் வளையம் மெல்லிய கோடாகத் திரும்பி வரும்.

இத்தோடு வளையம் போய்விடும். ஆனால் பறவை மிதப்பது போல இருக்கும். லென்ஸ் தருகிற மங்கல் தூரத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். கொக்கு நிற்கும் இடத்து மணல் கொக்கைப் போலவே கூர்மையாக இருக்க வேண்டும். அங்கிருந்து அடிவானம் நோக்கிப் போகப் போகத்தான் மங்க வேண்டும், நம் பக்கமாகக் கீழ் ஓரம் நோக்கியும் மெல்ல மங்க வேண்டும். ஆகவே நடு லேயருக்கும் ஒரு மாஸ்க் போட்டு, காலடியில் கறுப்பு, மேலும் கீழும் வெள்ளை என்று கிரேடியன்ட் இழுங்கள். காலடியில் மூலப்படத்தின் மணல் தெரியும்.

கடைசியாக, மங்கிய பகுதி வழவழவென்று ஆகியிருக்கும், பறவையில் மட்டும் மணல் மணலான நாய்ஸ் இருக்கும். 100 சதவீதத்தில் வைத்து இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை பின்னணிக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேருங்கள். வானம் படிப்படியாகப் பட்டை விழுகிற சிக்கலுக்கும் இது மருந்து. 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிதான் உண்டு. மங்கலாக்கிய வானத்தில் அந்தப் படிகள் வரப்பு மாதிரி தெரியும். தொடக்கத்தில் 16 பிட்டுக்கு மாற்றச் சொன்னது இதனால்தான்.

கைப்பேசியில் ஸ்னாப்சீட்டின் லென்ஸ் பிளரை 20, 30-க்கு மேல் ஏற்றாதீர்கள். டிரான்சிஷனை அதிகமாக வையுங்கள். பிறகு செய்த திருத்தங்களின் பட்டியலுக்குள் போய், தூரிகையால் அடிவானத்துப் பக்கம் மட்டும் பூசுங்கள், பறவைக்கு நெருக்கமாக வேண்டாம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று: பெரும்பாலான படங்களுக்குப் பிளரே தேவையில்லை. இனப்பெருக்கக் காலத்தில் கொக்கின் முதுகில் தொங்கும் மெல்லிய தூவிகளை எந்த மாஸ்க்கும் ஒழுங்காகப் பிடிக்காது. பின்னணியின் வெளிச்சத்தை 0.3 முதல் 0.5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, கிளாரிட்டியையும் டெக்ஸ்சரையும் 20, 30 என்று இறக்கி, நிறச் செறிவை 10 குறைத்துப் பாருங்கள். பின்னணி தானாகப் பின்னே போகும். மாஸ்க் சற்றுப் பிசகினாலும் வெளியே தெரியாது.

பிளரே செய்யாத படத்திலும் வளையம் வந்தால் ஷார்ப்பனிங் ஆரத்தைப் பாருங்கள். 0.8 முதல் 1 வரை இருக்கட்டும், 2 என்று வைத்தால் கொக்குக்குக் கோலம் போட்டதாகிவிடும்.

கேள்வி: உப்புக்கொத்திப் பறவையின் பின்னால் வெறும் மணல், சிப்பி, காலடித் தடம். பின்னணியையே எடுத்துவிட்டு நல்ல சூரிய உதயத்தை வைக்க எந்தச் செயலி நல்லது?
– வாலிநோக்கம் வாசகர்

பதில்: எல்லாச் செயலியும் செய்யும். எதிலும் செய்ய வேண்டாம் என்பது எங்கள் கட்சி. ஈர மணலும் நீரும் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அடிப்பதால் கடற்கரைப் பறவையின் வயிறு வெளிச்சமாக இருக்கும். உங்கள் பறவைக்கு முதுகில் உச்சி வெயில் விழுந்திருக்கிறது. பின்னால் உதயத்தை வைத்தால் வெயில் ஒரு திசை, சூரியன் ஒரு திசை என்று ஆகும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் உறுத்தும்.

நீங்கள் கேட்கிற பின்னணி, கேமராவைக் கீழே இறக்கினால் இலவசமாகக் கிடைக்கும். கணக்கைப் பாருங்கள். உப்புக்கொத்தியின் தலை தரையிலிருந்து சுமார் 10 செ.மீ. உயரம், நீங்கள் 15 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நின்றபடி 1.6 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால், லென்ஸிலிருந்து பறவையின் தலை வழியாகப் போகும் கோடு பறவைக்கு 1 மீட்டர் பின்னால் மணலில் முட்டும். அவ்வளவு பக்கத்து மணல் ஃபோகஸைவிட்டு அதிகம் விலகாது, சிப்பியும் தடமும் எண்ணிப் பார்க்கும்படி விழும். கேமராவை 30 செ.மீ.க்கு இறக்கினால் அதே கோடு 7.5 மீட்டருக்குப் பின்னால் முட்டும். படுத்துக்கொண்டு 15 செ.மீ.க்கு இறக்கினால் 30 மீட்டர். அந்த இடம் பெரும்பாலும் கடலாகவே இருக்கும், நீலமாகக் கரைந்துவிடும். எந்தச் செயலியாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது.

ஒரு கிலோ அரிசி போட்டுத் தைத்த துணிப்பையை மணலில் வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்துங்கள். முக்காலியைவிட வசதி. மணல் பறக்கும் காற்றில் லென்ஸை அங்கேயே கழற்றி மாட்டாதீர்கள். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அதற்கு மேல் நகராதீர்கள், அது மறுபடி மேயத் தொடங்கட்டும்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட படத்துக்கு என்ன செய்வது? நெருக்கமாக வெட்டுங்கள். பறவைக்குப் பின்னாலுள்ள சிப்பிகளில் மிக வெளிச்சமானவற்றை மட்டும் பர்ன் தூரிகையால் 10, 15 சதவீதம் இருட்டாக்குங்கள். கண்ணை இழுப்பது அந்த வெள்ளைப் பொட்டுகள்தான், மணல் அல்ல.

கேள்வி: போட்டிக்கு அனுப்பும் படத்தில் பறவைக்குப் பின்னால் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டிலை அழிக்கலாமா?
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: இயற்கைப் பிரிவு என்றால் கூடாது. ஃபியாப், அமெரிக்காவின் பி.எஸ்.ஏ., பிரிட்டனின் ஆர்.பி.எஸ். ஆகிய மூன்று புகைப்பட அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட பொதுவான இயற்கைப் பட வரையறை இருக்கிறது. 'சலூன்' எனப்படும் புகைப்படக் கண்காட்சிப் போட்டிகள் பலவும் அதையே எடுத்துக்கொள்கின்றன. அதன்படி வெட்டலாம். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கேமரா சேர்த்த சென்சார் தூசியையும் நாய்ஸையும் நீக்கலாம். காட்சியில் இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் தகுதியிழப்பு. பாட்டில் ஓரத்தில் கிடந்தால் வெட்டி வெளியே தள்ளுங்கள், அது விதிக்குள் வரும். நடுவில் பளிச்சென்று கிடந்தால் இயற்கைப் பிரிவுக்கு வேறு படம் அனுப்புங்கள். மூல ரா ஃபைலை (கேமரா பதிந்த, திருத்தாத கோப்பு) கேட்கலாம், ஆகவே அதைப் பத்திரமாக வையுங்கள்.

பறவையின் காலில் நைலான் வலைத் துண்டு சிக்கியிருந்தால் அந்தப் படத்தைத் திருத்தவே வேண்டாம். அப்படியே வனத்துறைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: நீர் வற்றிய நேரத்தில் எடுத்த சிறு கரைப்பறவையின் காலில் பச்சையாக ஒரு பட்டை. படத்தைக் கெடுக்கிறது. ஹீல் கருவியால் துடைத்துவிடலாமா?
– மண்டபம் வாசகர்

பதில்: ஐயோ, வேண்டாம். அந்தப் படத்தில் அதுதான் விலைமதிப்புள்ள பகுதி. வலசைப் பறவைகளின் வழித்தடத்தை அறிய ஆய்வாளர்கள் மாட்டிவிடும் கொடி அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்கிறது. வெளிநாட்டில் மாட்டியதாகவும் இருக்கலாம். நிறமும் எழுத்தும் சேர்ந்தால் அந்தத் தனிப் பறவை எங்கே, எப்போது பிடிபட்டது என்று தெரிந்துவிடும்.

அழகுப் படம் ஒன்று, கால் மட்டும் தெரியும் படம் ஒன்று என்று இரண்டாக வெட்டுங்கள். இரண்டாவதில் எழுத்தைத் தெளிவாக்க, நாய்ஸ் நீக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை மட்டும் தொடாதீர்கள். 'பி' இருந்த இடத்தில் 'எட்டு' வரைந்து கொடுத்துவிடும். பதிலாகச் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியே கறுப்பு வெள்ளையில் பாருங்கள். பச்சைக் கொடியில் உள்ள கருப்பு எழுத்து பச்சைச் சேனலில் பளிச்சென்று தெரியும். கான்ட்ராஸ்ட்டை மட்டும் ஏற்றுங்கள். அதே பறவையின் மற்ற படங்களையும் புரட்டுங்கள். கொடி கொஞ்சம் திரும்பிய இன்னொரு படத்தில் மீதி எழுத்து கிடைக்கும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: தேதி, இடம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகள் இருந்தால் மேலிருந்து கீழாக நிற வரிசை. வலது கால் என்றால் பறவையின் வலது கால், படத்தைப் பார்க்கிற உங்கள் வலது அல்ல. கூடவே ஒரு எச்சரிக்கை: பறவை வேறு பக்கம் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. திருப்பினால் கொடி மறு காலுக்குப் போய்விடும், எழுத்தும் இடம் வலமாக மாறிவிடும்.

கேள்வி: வெள்ளைக் கொக்கு சுண்ணாம்பு பூசிய மாதிரி வருகிறது. பூநாரையோ போதிய ரோஜா நிறமில்லாமல் வெளிறி வருகிறது. இரண்டுக்கும் என்ன செய்ய?
– தொண்டி வாசகி

பதில்: கொக்குக்கு வைத்தியம் எடுக்கும்போதே. வெயிலில் நிற்கும் வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை 0.7 முதல் 1 ஸ்டாப் குறைத்து எடுங்கள், முக்கியமாகப் பின்னணி இருட்டாக இருந்தால். மூன்று நிறமும் உச்ச அளவான 255-ஐத் தொட்டுவிட்ட இறகில் திரும்ப எடுக்க ஒன்றுமே இல்லை. ரா ஃபைலாக இருந்தால் ஹைலைட் குறைத்து ஓரளவு மீட்கலாம், ஜேபெக்கில் வெள்ளை சாம்பலாக மாறுவதுதான் மிச்சம். மிக வெளிச்சமான இறகு 240-245-க்குள் நிற்கும்படி வைத்து, பறவையை இருட்டாக்குவதற்குப் பதில் பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், இறகின் மடிப்பும் தெரியும்.

பூநாரை வெளிறி வருவது உங்கள் கேமராவின் குற்றமல்ல. தனுஷ்கோடிக்கு வருவது பெரும் பூநாரை. அதன் உடல் வெள்ளையில் லேசாக ரோஜா தோய்ந்தது. செந்நிறம் இறக்கையில்தான், பறக்கும்போது கருப்போடு சேர்ந்து தெரியும். இளம் பறவைக்கு அதுவும் இல்லை, சாம்பலும் பழுப்பும்தான். உணவில் கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமியால் வருகிற சிவப்பு அது, ஸ்லைடரால் வருவதல்ல. மொத்தச் செறிவை ஏற்றினால் நீரும் வானமும் சேர்ந்து சாயப்பட்டறை ஆகும். சிவப்பு நிறத்துக்கு மட்டும் 5 முதல் 10 கூட்டி நிறுத்துங்கள். வெயில் ஏறிய பிறகு எடுத்த படங்களுக்கு வெண்சமநிலை 5200-5500 கெல்வின் சரியாக இருக்கும். விடியற்காலைப் படத்தில் இறகைச் சொடுக்கி வெள்ளையாக்க முயலாதீர்கள், காலை வெளிச்சத்தின் பொன்னிறம் பறிபோகும்.

கேள்வி: காலை 11 மணிக்கு எடுத்த படங்கள் எல்லாம் மெழுகு உருகிய மாதிரி. எவ்வளவு ஷார்ப்பனிங் கொடுத்தாலும் சரியாகவில்லை. லென்ஸ் போய்விட்டதா?
– பரமக்குடி வாசகர்

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும். சூடேறிய மணலுக்கு மேல் காற்று அலையாடுவதால் வருவது அது, கானல். பறவைக்கும் உங்களுக்கும் இடையே மணல் எவ்வளவு நீளமோ அவ்வளவு கெடுதல். எந்த மென்பொருளும் திருத்தாது, ஷார்ப்பனிங் அலையையே கூர்மையாக்கும். 9 மணிக்கு முன் எடுங்கள், இல்லையென்றால் மேகமூட்டமான நாளில் எடுங்கள். மாற்று வழி இல்லாத நேரத்தில் அடுத்தடுத்து 20, 30 படம் எடுத்தால் அலை ஒரு நொடி அடங்கிய ஒன்றிரண்டு தேறும்.

படம் உருகாமல் வெறுமனே பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் அது வேறு. ஈரக் காற்று என்றால் டீஹேஸ் 10-15 போதும். கச்சான் காற்று வீசும் நாளில் லென்ஸ் முகப்பில் உப்பு படிந்தும் இப்படி வரும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் கண்ணாடியில் கீறும். முதலில் ஊதுகுழலால் ஊதி, லென்ஸ் திரவம் தொட்ட துணியால் ஒற்றி எடுத்து, பிறகு துடையுங்கள்.

கேள்வி: காரங்காடு அலையாத்திக் காட்டில் படகிலிருந்து எடுத்த மீன்கொத்தி. இலைகளுக்கு நடுவே வானம் ஓட்டை ஓட்டையாக வெள்ளையாகத் தெரிகிறது. குளோன் செய்தால் இலை இரட்டை இரட்டையாக வருகிறது.
– திருவாடானை வாசகர்

பதில்: ஓட்டைகளை அடைக்க வேண்டாம், அடக்கினால் போதும். பின்னணிக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஹைலைட்டை 50 முதல் 70 வரை இறக்குங்கள். முழு வெள்ளையாகிவிட்ட ஓட்டைக்கு அக்கம்பக்கத்து வெளிர்பச்சையைத் தொட்டு, 20 சதவீத ஒபாசிட்டியில் மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு. வடிவம் அப்படியே இருக்கும், பளீர் மட்டும் போகும். இலைப்பச்சை கண்ணைக் குத்தினால் மஞ்சள் நிறத்தின் செறிவை 15 குறையுங்கள். அலையாத்தி இலையின் பளபளப்பில் பச்சையைவிட மஞ்சள்தான் அதிகம். ஆனால் மீன்கொத்தியின் மீது அந்த மாஸ்க் படக்கூடாது, அதன் நிறம்தானே படமே.

அடுத்த முறை படகை ஒரு முழம் முன்னே பின்னே நகர்த்தச் சொல்லுங்கள். பின்னால் உள்ள இருண்ட புதர் அந்த ஒரு முழத்தில் நேராக வந்துவிடும்.

கேள்வி: பூநாரைக் கூட்டத்தை டிரோனில் மேலிருந்து எடுத்து நிழலோடு வெட்டினால் அழகாக இருக்குமே?
– கீழக்கரை வாசகர்

பதில்: கூட்டம் எழுந்து பறந்துவிடும், நிழலும் போய்விடும். தனுஷ்கோடிப் பகுதி 2025-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே டிரோன் கூடாது.

கேள்வி: சித்திரங்குடியில் நாரைக் கூடு. முன்னால் ஒரு கருவேலங்கிளை குறுக்கே ஓடுகிறது. கிளையை நீக்கலாமா?
– முதுகுளத்தூர் வாசகி

பதில்: மரத்திலிருந்தா, படத்திலிருந்தா? மரத்திலிருந்து என்றால் கூடவே கூடாது. அந்தக் கிளைதான் குஞ்சுகளுக்கு நிழலும் மறைப்பும். படத்திலிருந்து நீக்கினால் முள் போன இடத்தில் இறகு குழையும், கிளை பறவையின் மேல் ஓடும்போது பெரும்பாலும் அசிங்கமாகவே முடியும். கிளை மங்கலாக இருந்தால் அதன் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மட்டும் குறையுங்கள். முகத்தின் குறுக்கே ஓடினால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, பறவை தலையைத் திருப்பும்வரை காத்திருந்து வேறு எடுங்கள்.

கூட்டுப் படத்தைப் பகிரும் முன் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். ஏற்றுமதிப் பெட்டியிலேயே அதற்கு ஒரு தேர்வு இருக்கும். சரணாலயத்துக் கூடு எல்லாரும் அறிந்ததுதான். கடற்கரை மணலில் வெறும் குழியில் முட்டையிடும் சின்ன ஆலா, உப்புக்கொத்தி விஷயத்தில் இது மிக முக்கியம். ஒருவர் போட்ட குறியை வைத்து பத்துப் பேர் நடந்தால் முட்டை மிதிபடும். மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதித்தவருக்கே தெரியாது.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருந்த படம் ஸ்டுடியோ பிரின்ட்டில் இருட்டாக வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கலங்குகிறது.
– ராமேஸ்வரம் வாசகி

பதில்: திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிராது. திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே வைத்துத் திருத்துங்கள். பிரின்ட்டுக்குத் தனியாக ஒரு நகல் எடுத்து நடுத்தர வெளிச்சத்தை மட்டும் 10 போலக் கூட்டுங்கள். நிறவெளி எஸ்.ஆர்.ஜி.பி. ஆக இருக்கட்டும். பெரிய பிரின்ட் போடும் முன் அதே கடையில் 6 × 4-ல் ஒன்று போட்டுப் பாருங்கள், செலவு சில ரூபாய்தான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், கலங்காது. இன்ஸ்டாகிராமுக்கு 4:5-ல் வெட்டி 1080 × 1350 பிக்சலுக்குச் சுருக்கி, சுருக்கிய பிறகு பறவைக்கு மட்டும் லேசாக ஷார்ப்பனிங் கொடுங்கள். சுருக்கும் முன்பே கொடுத்தால் பாதி வீண்.